இரண்டு சிவப்பு, இரண்டு நீலம்

கிச்சுக் கிச்சுத் தாம்பாளம் என்ற மணல் விளையாட்டை அறியாதவர்கள் இந்த அவையில் குறைவாகவே இருப்பார்கள். ஒருவர் மணலை நீளக் கரையாகக் குவித்து, ஒரு சிறு குச்சியை விரல் நுனியில் பிடித்து அதற்குள் முன்னும் பின்னும் ஓட்டி, எதிராளி அறியாமல் ஓரிடத்தில் விட்டுவிடுவார். எதிராளி இரு கைகளையும் கோத்து, குச்சி இருப்பதாகத் தோன்றும் இடத்தைப் பொத்த வேண்டும். உள்ளே அகப்பட்டால் வெற்றி. இல்லாவிட்டால் போயிற்று, அந்தத் தவறான ஊகத்தால் நயா பைசா பயனில்லை. இன்று நாம் பேசப்போகும் மாஸ்டர்மைண்டிலும் ஒருவர் ஒளிக்கிறார், ஒருவர் தேடுகிறார். ஆனால் இங்கே ஒவ்வொரு தவறான ஊகத்துக்கும் ஒரு பதில் கிடைக்கிறது. அந்த ஆட்டத்தை எப்படி ஆடுவது என்று கேட்பவருக்கு நான் சொல்வது ஒன்றுதான்: விடையைச் சொல்லிவிட வேண்டும் என்று துடிக்காதீர்கள், நல்ல கேள்வியாகக் கேளுங்கள். கேட்க அழகாக இருக்கிறது என்பதற்காக இதைச் சொல்லவில்லை; எண்ணிப் பார்த்து நிறுவ முடியும் என்பதால் சொல்கிறேன்.

முதலில் விதிகள். இருவர் எதிரெதிரே உட்கார, நடுவே ஒரு நீளப் பலகை. அதன் ஒரு முனையில் நான்கு துளைகளும் அவற்றை மறைக்க ஒரு சிறு மூடியும் உண்டு. சங்கேதம் வைப்பவர் ஆறு நிறப் பிளாஸ்டிக் முளைகளிலிருந்து நான்கை எடுத்து, மூடிக்குப் பின்னால் வரிசையாகக் குத்திவைக்கிறார். ஒரே நிறம் இரண்டு முறை வரலாம், நான்கும் ஒரே நிறமாகவும் இருக்கலாம். துப்பறிபவர் தன் பக்கத்து முதல் வரிசையில் நான்கு முளைகளை வைக்கிறார். அதற்கு வைப்பவர் சிறு குறிகளால் பதில் சொல்கிறார்: நிறமும் இடமும் சரியான ஒவ்வொரு முளைக்கும் ஒரு கறுப்பு, நிறம் உண்டு, இடம் வேறு என்றால் ஒரு வெள்ளை, பொருந்தாததற்கு ஒன்றும் இல்லை. நான்கு கறுப்பு விழுந்தால் ஆட்டம் முடிந்தது. எத்தனை வரிசை பிடித்ததோ அத்தனை புள்ளி, ஆனால் அது வைத்தவர் கணக்கில் சேரும். பிறகு இருவரும் இடம் மாறிக்கொள்வார்கள். அதனால்தான் ஆட்டங்களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்க வேண்டும் என்பது வழக்கம்.

இந்த விதிகளில் புதியவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. மறைந்திருப்பது சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் என்று கொள்வோம். துப்பறிபவர் சிவப்பு, சிவப்பு, நீலம், ஆரஞ்சு என்று வைக்கிறார். முதல் சிவப்புக்கு ஒரு கறுப்பு. நீலத்துக்கு ஒரு வெள்ளை. இரண்டாவது சிவப்புக்கு? 'சிவப்புதான் இருக்கிறதே, இதற்கும் ஒரு வெள்ளை போடலாமே' என்று கை நீளும். போடக் கூடாது. மறைந்திருப்பது ஒரே ஒரு சிவப்பு, அதற்குரிய குறி ஏற்கெனவே விழுந்துவிட்டது. ஒரு முளைக்கு ஒரு குறிதான். சரியான பதில் ஒரு கறுப்பு, ஒரு வெள்ளை. இந்த ஒரு பிழையால் நடுவழியில் சிதைந்த ஆட்டங்கள் உலகெங்கும் கணக்கற்றவை என்றே நினைக்கிறேன். இன்னொன்று, குறி எந்த முளைக்கு உரியது என்று வைப்பவர் காட்டிக்கொடுக்கக் கூடாது. அண்மையில் கைபேசிகளில் பரவிய வேர்டில் என்ற சொல் விளையாட்டு இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான், ஆனால் அது ஒவ்வொரு எழுத்துக்கும் தனித்தனியாக நிறம் காட்டிவிடுகிறது. மாஸ்டர்மைண்ட் மொத்தத்தைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்கிறது. ஆட்டத்தின் உயிர் அந்த மௌனத்தில்தான் இருக்கிறது.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எண்களை மறைத்துத் தாளில் ஆடும் 'காளையும் பசுவும்' என்ற பழைய ஆங்கில விளையாட்டே இதன் மூதாதை. நம் கறுப்பு அங்கே காளை, வெள்ளை அங்கே பசு. அதற்கு முளையும் பலகையும் கொடுத்தவர் மொர்தெகாய் மெய்ரோவிட்ஸ் என்ற இஸ்ரேல்காரர், அஞ்சல், தொலைத்தொடர்புத் துறை சார்ந்தவர். ஆண்டு 1970. பெரிய பொம்மை நிறுவனங்கள் கையை விரித்துவிட, இங்கிலாந்தின் லெஸ்டர் பகுதியிலிருந்த இன்விக்டா பிளாஸ்டிக்ஸ் அதை வெளியிட்டது, பிறகு அது கோடிக்கணக்கில் விற்றது. அந்தப் பெட்டியின் அட்டைப்படம் ஆட்டத்தைவிடப் புகழ்பெற்றது: விரல்களைக் கோபுரமாகக் குவித்து நாற்காலியில் அமர்ந்திருக்கும் தாடிக்காரர், அவர் பின்னால் நிற்கும் ஓர் இளம்பெண். ஏதோ ஒற்றர் படத்தின் சுவரொட்டி போலிருக்கும். விற்பனைக்கு அது உதவியிருக்கலாம். ஆனால் எதிராளியின் கண்ணைப் பார்த்து மனத்தைப் படிக்கும் ஆட்டம் இது என்ற பிரமையை ஏற்படுத்தியதும் அந்தப் படம்தான். உண்மையில் இந்த ஆட்டத்துக்கு வேண்டியது ஒற்றனின் பார்வையைவிட ஒரு கணக்குப்பிள்ளையின் பொறுமை.

கணக்குக்கு வருவோம். நான்கு துளை, ஒவ்வொன்றிலும் ஆறு வாய்ப்பு, ஆக மொத்தம் 1,296 சங்கேதங்கள். முதல் ஊகமாக இரண்டு சிவப்பு, இரண்டு நீலம் என்று இந்த வரிசையிலேயே வைக்கிறீர்கள் என்று கொள்வோம். ஒரு கறுப்பு விழுகிறது. மனம் குளிர்கிறது, ஒன்றாவது சரியாயிற்றே! ஒரு வெள்ளை மட்டும் விழுந்தால் அரை மகிழ்ச்சி. ஒன்றுமே விழாவிட்டால் முகம் தொங்கிவிடுகிறது. இப்போது எண்ணிப் பாருங்கள். ஒன்றும் விழவில்லை என்றால் சிவப்பும் நீலமும் எங்கும் இல்லை. மீதி நான்கு நிறங்கள் நான்கு துளைகளில் அமையும் வழிகள் 256. ஒரு கறுப்பு என்றால், வைத்த நான்கு முளைகளில் ஒன்று மட்டும் சரி. மற்ற மூன்று துளைகளில் சிவப்போ நீலமோ வர வழியில்லை, வந்தால் இன்னொரு குறி விழுந்திருக்கும். ஆகவே அந்த மூன்றிலும் நான்கு நான்கு வாய்ப்பு, 64 வழிகள்; சரியான முளை நான்கில் எதுவாகவும் இருக்கலாம் என்பதால் நான்கு 64, அதாவது 256. ஒரு வெள்ளைக்கும் இதே கணக்கு, இதே 256. மகிழ்ந்தவர், பாதி மகிழ்ந்தவர், முகம் தொங்கியவர், மூவரும் விடையிலிருந்து ஒரே தொலைவில் நிற்கிறார்கள். 'எவ்வளவு சரியாகச் சொன்னேன்' என்பது இந்த ஆட்டத்தின் அளவுகோல் ஆகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன். எத்தனை வாய்ப்புகள் கழிந்தன, எத்தனை மிஞ்சின என்பதுதான் அளவுகோல்.

அந்த அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு முதல் ஊகத்தையே எடைபோடலாம். நிறங்களின் பெயரை மறந்துவிட்டால் முதல் ஊகம் ஐந்தே வகைதான். நான்கும் ஒரே நிறமாக வைத்தால், மோசமான பதில் வரும்போது 625 வாய்ப்புகள் மிஞ்சும். மூன்று ஒரு நிறம், ஒன்று வேறு என்றால் 317. நான்கும் வெவ்வேறு நிறமாக வைப்பது பலருக்கும் இயல்பாகத் தோன்றும் தொடக்கம், 'எல்லாவற்றையும் ஒருமுறை தொட்டுவிடலாம்' என்ற ஆசை அது. அதில் 312 மிஞ்சக்கூடும். ஒரு ஜோடியும் இரண்டு தனி நிறங்களும் என்றால் 276. இரண்டு ஜோடி வைத்தால் எப்படிப் போனாலும் 256-க்கு மேல் மிஞ்சாது. இதிலிருந்து இன்னொரு முடிவும் தானாக வருகிறது. ஓர் ஊகத்துக்கு வரக்கூடிய பதில்கள் மொத்தம் 14. மூன்று கறுப்பும் ஒரு வெள்ளையும் மட்டும் வரவே வராது, மூன்று இடம் சரியானால் நான்காவது நிறத்துக்குப் போக வேறு இடம் ஏது? வெற்றியைக் கழித்தால் 13 பதில்கள். எனவே நான்கு ஊகத்தில் முடிப்பதானால், முதலாவது போக மிஞ்சிய மூன்று ஊகங்களில் எவ்வளவு திறமையாக ஆடினாலும் 1, 13, 169 என்று கூட்டி 183 சங்கேதங்களைத்தான் பிடிக்க முடியும். முதல் ஊகத்துக்குப் பின் 256 மிஞ்சக்கூடும் என்று பார்த்தோம். ஆகவே நான்கே ஊகத்தில் எந்தச் சங்கேதத்தையும் உடைத்துவிடுவேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஐந்தில் முடியும். அதை 1977-இல் கணினி அறிவியலாளர் டொனால்ட் குனூத் நிறுவினார். அவர் வழி எளியது: ஒவ்வொரு கட்டத்திலும், மோசமான பதில் வந்தாலும் மிஞ்சும் வாய்ப்புகள் மிகக் குறைவாக இருக்கும்படியான ஊகத்தைத் தேர்ந்தெடு. முதல் ஊகம் நாம் பார்த்த அதே இரண்டு ஜோடி. இதில் வியப்பான கூறு ஒன்று உண்டு. விடையாக இருக்கவே முடியாத ஊகத்தைக்கூட இந்த வழி சில வேளைகளில் கேட்கச் சொல்கிறது. இதைக் கொஞ்சம் அருகிலிருந்து பார்ப்போம். முதல் மூன்று துளைகள் சிவப்பு, சிவப்பு, நீலம் என்று உறுதியாகிவிட்டன. நான்காவது பச்சையா, மஞ்சளா, ஆரஞ்சா, ஊதாவா என்பது மட்டும் தெரியவில்லை. பெரும்பாலோர் என்ன செய்வார்கள்? சிவப்பு, சிவப்பு, நீலம் என்று வைத்துக் கடைசியில் பச்சையைச் சொருகுவார்கள். தவறினால் மஞ்சள், பிறகு ஆரஞ்சு, பிறகு ஊதா. ஒவ்வொரு முறையும் மூன்று கறுப்பு விழும், பெருமிதமாக இருக்கும், புதிதாக ஒன்றும் தெரியாது. நான்கு வரிசை வரை போகலாம். மாறாக, மூன்று ஆரஞ்சும் கடைசியில் ஒரு மஞ்சளும் வையுங்கள். இது விடை அல்ல என்று வைப்பவருக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். ஆனால் ஒரு கறுப்பு விழுந்தால் மஞ்சள். ஒரு வெள்ளை விழுந்தால் ஆரஞ்சு. ஒன்றும் இல்லை என்றால் பச்சை அல்லது ஊதா. மூன்று வரிசைக்கு மேல் போக வழியில்லை. நான்கு வாய்ப்புக்கும் சேர்த்துக் கூட்டினால் முதல் வழிக்குப் பத்து வரிசை, இரண்டாவதற்கு ஒன்பது. தெரிந்தே தவறாகச் சொன்னவர் முந்திவிடுகிறார்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். 'தெரிந்தே தவறாகச் சொன்னால், அந்த வரிசையிலேயே வெல்லும் வாய்ப்பைத் தூக்கி எறிகிறோமே?' ஆம், எறிகிறோம். மேலே சொன்ன நிலையில் பச்சையை முதலில் வைத்தவருக்கு நான்கில் ஒரு பங்கு அப்போதே வெற்றி. வாய்ப்புகள் நான்குக்குப் பதில் மூன்றாக இருந்திருந்தால் இரண்டு வழிக்கும் மொத்தம் ஆறு வரிசைதான், சராசரியில் வித்தியாசமே இல்லை. எனவே எப்போதும் தவறான ஊகமே சிறந்தது என்று நான் வாதிடவில்லை. இரண்டு கேள்விகள் ஒரே அளவு பிரிக்கும் என்றால் அவற்றில் விடையாக இருக்கக்கூடியதைக் கேள் என்பது குனூத்தின் விதியிலேயே உண்டு. அடுத்த மறுப்பு இன்னும் ஆழமானது: மோசமான நிலைக்கு அஞ்சி ஆடுவது சராசரியைக் கெடுக்காதா? கொஞ்சம் கெடுக்கும். குனூத்தின் வழியில் சராசரி ஏறத்தாழ 4.48 ஊகம். 1993-இல் கொயாமா, லாய் இருவரும் கணினியால் எல்லா வழிகளையும் துருவி, மிகக் குறைந்த சராசரி 4.34 என்று கண்டார்கள். 1,296 சங்கேதங்களுக்கும் சேர்த்து 5,625 ஊகங்கள். அதற்கு விலையாக எப்போதாவது ஆறாவது வரிசைக்குப் போக நேரும். ஐந்தைத் தாண்டவே கூடாது என்று கட்டுப்பாடு விதித்தால் மொத்தம் 5,626. ஒரே ஓர் ஊகம்தான் கூடுதல்! அச்சத்துக்கும் துணிவுக்கும் இடையே இவ்வளவு மெல்லிய இடைவெளி இருக்கிறதே என்பது எனக்கு இன்னும் தீராத வியப்பு.

'இதெல்லாம் கணினிக்குச் சரி. 1,296 வாய்ப்புகளை மனிதன் தலையில் சுமக்க முடியுமா?' என்று கேட்பீர்கள். சுமக்க வேண்டியதில்லை. பழக்கமாக்கிக்கொள்ள வேண்டியவை சில உண்டு. குறிகளைக் கறுப்பு, வெள்ளை என்று பிரித்துப் பார்ப்பதற்கு முன் இரண்டையும் கூட்டுங்கள். அந்தக் கூட்டுத்தொகை இடத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது, நிறத்தை மட்டும் சொல்லும். சிவப்பு சிவப்பு நீலம் நீலத்துக்கு மொத்தம் மூன்று குறி விழுந்தால், ஒளிந்திருப்பதில் குறைந்தது மூன்று முளைகள் இந்த இரு நிறத்துக்குள் அடங்கும். நிறம் தெளிந்த பிறகு இடத்துக்குப் போகலாம். அடுத்து, ஒரு வரிசையை விடையாக நினைத்து வைக்கும் முன் அதையே மூடிக்குப் பின்னால் இருப்பதாகக் கற்பனை செய்துகொண்டு, முந்தைய ஒவ்வொரு வரிசைக்கும் நீங்களே குறி போட்டுப் பாருங்கள். பலகையில் உள்ள குறிகளோடு ஒரு வரிசையாவது ஒத்துப்போகவில்லை என்றால் அது விடை ஆகாது. தொடக்க ஆட்டக்காரர் கடைசியாக வந்த பதிலோடு மட்டும் ஒத்துப்பார்ப்பார். மூன்றாவது வரிசையில் கிடைத்ததை ஆறாவது வரிசையில் மறந்திருப்பார். பலகை நினைவூட்டத்தான் இருக்கிறது, வரிசைகள் அழியாமல் அப்படியே நிற்கின்றன. கண்ணை ஓட்டினால் போதும்.

இதுவரை துப்பறிபவரைப் பற்றியே பேசினேன். அப்படியென்றால் சங்கேதம் வைப்பவர் ஆடுகிறாரா, வெறும் குறிபோடும் எழுத்தரா? இவரை ஆட்டக்காரர் என்றே சொல்ல முடியாது, இது ஒருவர் ஆட்டம்தான் என்பார்கள் சிலர். பாதி உண்மை. முளைகளை வைத்தபின் அவருக்குத் தெரிவு எதுவும் இல்லை, நேர்மையாகக் குறி போடுவது ஒன்றே வேலை. ஆனால் வைக்கும் அந்த ஒரு கணத்தில் முழு ஆட்டமும் இருக்கிறது. நான்கும் வெவ்வேறு நிறமாக அமையும் சங்கேதங்கள் 360. ஒரே ஒரு ஜோடி உள்ளவை 720, மொத்தத்தில் பாதிக்கும் மேல். இரு ஜோடிகள் 90, மூன்று ஒரே நிறம் 120, நான்கும் ஒரே நிறம் 6. 'திரும்பத் திரும்ப ஒரே நிறத்தை வைப்பது மலிவு' என்று நினைத்து நான்கு வெவ்வேறு நிறங்களையே வைக்கும் பழக்கம் உள்ளவர், தனக்குத் தெரியாமலே 936 மறைவிடங்களைக் கைவிடுகிறார். இரண்டு ஆட்டத்துக்குள் எதிராளி அதை மோப்பம் பிடித்துவிடுவார். அழகான சங்கேதம், சமச்சீரான சங்கேதம், பிடித்த நிறத்தில் தொடங்கும் சங்கேதம், எல்லாமே காட்டிக்கொடுப்பவைதான். வைப்பவருக்குப் பகடையை உருட்டி நிறம் தேர்வதே நல்ல வழி. பகடைக்கும் ஆறு முகம்தானே!

பலகையை விட்டு வெளியே வந்தாலும் இதே தர்க்கம் செல்லும். ஏடிஎம் அட்டையின் நான்கு இலக்க இரகசிய எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 10,000 வாய்ப்பு. குருட்டாம்போக்கில் தேடினால் சராசரியாக 5,000 முயற்சி. 2003-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் மைக் பாண்டும் பியோத்ர் ஜீலின்ஸ்கியும் ஒரு குறையைச் சுட்டிக்காட்டினார்கள். வங்கியின் உள்ளே இருக்கும் ஒருவர், எண்ணைச் சரிபார்க்கும் கருவியில் இலக்க அட்டவணையைச் சற்றே மாற்றி மாற்றிக் கேள்வி கேட்டால், அது தரும் 'ஆம்', 'இல்லை' பதில்களை வைத்தே சராசரியாகப் பதினைந்து முயற்சியில் எண்ணைப் பிடித்துவிடலாம். பின்னர் இத்தாலிய ஆய்வாளர்கள் ஃபொக்கார்டியும் லூச்சியோவும் இந்தத் தாக்குதலை விரிவாக்கிய மாஸ்டர்மைண்ட் ஆட்டமாகவே வடிவமைத்துக் காட்டினார்கள். பூட்டு உறுதியாகத்தான் இருந்தது, பதில் கசிந்தது. கணினியில் நுழையும்போது 'பயனர் பெயர் தவறு' என்றோ 'கடவுச்சொல் தவறு' என்றோ பிரித்துச் சொல்லாமல், 'இரண்டில் ஏதோ தவறு' என்று பட்டும் படாமல் நல்ல இணையத்தளங்கள் சொல்வது ஏன் என்று இப்போது புரியும். பிரித்துச் சொன்னால், அது கேட்காமலே கொடுத்த ஒரு வெள்ளைக் குறி.

கடைசியாக ஒரு மறுப்பு: ஐந்தில் முடியும் என்று தெரிந்துவிட்ட ஆட்டத்தை இனி ஏன் ஆட வேண்டும்? நாம் பார்த்த தீர்வு நான்கு துளை, ஆறு நிறத்துக்கு மட்டுமே. ஐந்து துளை, எட்டு நிறம் கொண்ட பெரிய பலகையும் விற்பனைக்கு வந்தது. அதில் சங்கேதங்கள் 32,768. துளைகள் கூடக்கூட, பலகையில் இதுவரை விழுந்த குறிகள் அனைத்துக்கும் பொருந்தும் சங்கேதம் ஒன்றாவது இருக்கிறதா என்று பார்ப்பதே கணினிக்கும் கடினமான கணக்குகளின் வகையில் சேர்ந்துவிடுகிறது என்று 2005-இல் நிறுவியிருக்கிறார்கள். பலகை கிடைக்காவிட்டால் பரவாயில்லை, ஒரு தாளும் இரண்டு பேனாவும் போதும். நிறத்துக்குப் பதில் ஒன்றிலிருந்து ஆறு வரை எண்களை எழுதிக்கொள்ளுங்கள். வைப்பவர் பகடை உருட்டட்டும். துப்பறிபவர் 1, 1, 2, 2 என்று தொடங்கட்டும். பதிலாக ஒரு குறியும் விழாவிட்டால் சோர்ந்துவிடாதீர்கள். அந்த ஒரே வரிசையில் 1,040 சங்கேதங்களைக் கழித்திருக்கிறீர்கள்.